கணினி திருத்தினால் ஆசிரியருக்கு என்ன வேலை மிஞ்சும்?

ஓர் அறிவியல் ஆசிரியர் ஐந்து பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கிறார். பிரிவுக்கு 40 பேர். ஓர் அலகுத் தேர்வு வைத்தால் 200 விடைத்தாள். தாளுக்கு 4 நிமிடம் போட்டாலும் 800 நிமிடம், அதாவது 13 மணி 20 நிமிடம். கூட்டிப் பார்ப்பதும், பதிவேட்டில் எழுதுவதும், அதையே மறுபடி கணினியில் ஏற்றுவதும் இந்தக் கணக்கில் வரவில்லை. 'பேசாமல் ஆன்லைனில் டெஸ்ட் வைத்துவிடுங்களேன்' என்ற யோசனை இங்கிருந்துதான் பிறக்கிறது. யோசனை சொல்பவர்கள் கூடவே ஒரு பெயரையும் சொல்வார்கள்: கூகுள் ஃபார்ம்ஸ், கஹூட், பிளிக்கர்ஸ், ஜிப்கிரேட், மூடுல், இப்போது சாட்ஜிபிடி. இவை எல்லாம் ஒரே வேலையை வெவ்வேறு விலைக்குச் செய்வதாகப் பலருக்கு ஒரு நினைப்பு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொன்றும் திருத்தும் வேலையின் வெவ்வேறு துண்டைத்தான் கையில் எடுக்கிறது.

## திருத்துவது என்பது எத்தனை வேலை?

சிவப்பு மைப் பேனாவோடு உட்காரும்போது நான்கு வேலைகள் ஒன்றாகவே நடந்துவிடுகின்றன. பழக்கத்தில் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

1. படித்தறிதல்: மாணவர் எழுதியிருப்பது என்ன என்று கண்டுகொள்வது. கருப்பாக்கிய வட்டமாகவும் இருக்கலாம், கோழி கிளறிய கையெழுத்தாகவும் இருக்கலாம்.
2. மதிப்பிடுதல்: விடைக்குறிப்போடு ஒப்பிட்டு, இதற்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவு செய்வது.
3. கணக்கு: கூட்டுவது, பதிவது, தரவரிசை போடுவது.
4. திருப்பிச் சொல்லுதல்: எங்கே தவறினாய், ஏன் தவறினாய் என்று மாணவருக்குத் தெரிவிப்பது.

மூன்றாவது வேலையில் எந்தக் கணினியும் மனிதரைத் தோற்கடித்துவிடும். பொதுத்தேர்வு முடிவு வந்ததும் 'மறுகூட்டல்' என்று தனியாக ஒரு விண்ணப்பம் போட முடிகிறது என்றால், படித்த ஆசிரியர்கள் கூட்டலிலும் தவறுவார்கள் என்பதைத் துறையே ஒப்புக்கொள்கிறது. முதல் வேலை எளிதா கடினமா என்பது மாணவர் எதில் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது.

இரண்டாவதுதான் சிக்கல். கணினி மதிப்பிடுவதுபோலத் தோன்றும். உண்மையில் ஆசிரியர் முன்கூட்டியே செய்துவைத்த ஒரு மதிப்பீட்டை அது 200 தடவை அப்படியே பிரயோகிக்கிறது. தாளைக் கையில் எடுத்த பிறகு 'இப்படியும் எழுதலாமே' என்று மனம் மாறும் வசதி அதற்குக் கிடையாது. எனவே தேர்வுக்குப் பிறகு செலவான நேரத்தில் ஒரு பகுதி தேர்வுக்கு முன்னால் இடம்பெயர்கிறது: கேள்வியை எழுதுவதற்கும் விடைக்குறிப்பை எழுதுவதற்கும். இந்த இடமாற்றம் தெரியாமல் செயலியை மட்டும் இறக்கிக்கொள்கிறவர்களுக்குத்தான் பின்னால் தலைவலி.

## வட்டத்தைக் கருப்பாக்குதல்

படித்தறியும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்க மிகப் பழைய வழி, மாணவரை எழுதவே விடாமல் செய்வது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ரெனால்ட் ஜான்சன், பென்சில் கரியான கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும் என்பதைப் பிடித்துக்கொண்டு ஒரு திருத்தும் கருவியைச் செய்தார். ஐபிஎம் நிறுவனம் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டு, 1938இல் அதை '805' என்ற எண்ணோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. சரியான இடத்தில் பென்சில் கோடு இருந்தால் மின்னோட்டம் பாயும். மொத்தம் எவ்வளவு பாய்கிறது என்று ஒரு முள் காட்டும். முள் நிற்கும் இடமே மதிப்பெண். பிறகு வெளிச்சத்தால் படிக்கும் ஸ்கேனர்கள் வந்தன, பந்துமுனைப் பேனாவும் செல்லுபடியானது. கருப்பாக்கிய வட்டங்களை ஒளியால் படிக்கும் இன்றைய ஓஎம்ஆர் தாள் அந்த வம்சம்தான்.

இப்போது அந்த ஸ்கேனர் செல்போனுக்குள் வந்துவிட்டது. ஜிப்கிரேட் போன்ற செயலிகளில் விடைத்தாளை அச்சிட்டுக்கொள்ளலாம். தாளின் மூலைகளில் கருப்புக் கட்டங்கள் இருக்கும். கேமரா முதலில் தேடுவது அவற்றைத்தான். அவை கிடைத்ததும் கோணலாக எடுத்த படத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு வட்டமும் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த இடத்தில் எவ்வளவு கருமை என்று அளக்கும். ஆகவே பெரும்பாலான பிழைகள் அச்சில்தான் வருகின்றன. ஜெராக்ஸ் எடுக்கும்போது ஓரம் வெட்டுப்பட்டு ஒரு மூலைக் கட்டம் போய்விட்டால் தாளையே அது அடையாளம் காணாது. அரைகுறையாக அழித்த வட்டத்தை 'இரண்டு விடை' என்று எடுத்துக்கொள்ளும். ஸ்கேன் செய்து முடித்ததும் செயலி சந்தேகப்பட்டுக் குறித்துக் காட்டும் தாள்களை மட்டும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. 200 தாளில் அப்படி ஏழெட்டு வந்தாலும் பத்து நிமிட வேலைதான்.

மாணவர் கையில் எந்தக் கருவியும் இல்லாத வகுப்புக்கு எனக்குப் பிடித்தது பிளிக்கர்ஸ். ஒவ்வொரு மாணவருக்கும் எண் போட்ட ஓர் அட்டை. நடுவில் கருப்புக் கட்டங்களாலான ஒரு கோலம், ஒவ்வோர் அட்டைக்கும் வேறு வேறு. நான்கு பக்கமும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. ஆசிரியர் கேள்வியைப் பலகையில் எழுதுகிறார். தன் விடை எதுவோ அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி மாணவர் அட்டையைத் திருப்பிப் பிடிக்கிறார். ஆசிரியர் தன் செல்போன் கேமராவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை ஓட்டினால், யார் எந்த விடை சொன்னார்கள் என்பது திரையில் வந்துவிடும். எழுத்து பொடி, கோலமும் ஆளுக்கொன்று, அதனால் பக்கத்துப் பையனின் அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: அட்டை கிழியக்கூடாதே என்று பளபளக்கும் லேமினேஷன் போட்டால் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து கேமராவுக்குக் கண் கூசும். மங்கலான லேமினேஷன் போடலாம், அல்லது கெட்டி அட்டையில் ஒட்டினாலே போதும்.

கஹூட், முன்பு குயிஸிஸ் என்ற பெயரில் பெங்களூரில் தொடங்கி இப்போது வேகிரவுண்ட் ஆகிவிட்ட செயலி ஆகிய வினாடி வினா விளையாட்டுகள் வகுப்பைக் கலகலப்பாக்க உதவும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்க வேண்டாம். கஹூட்டில் சீக்கிரம் விடை சொன்னால் கூடுதல் புள்ளி கிடைக்கும். வேகத்துக்குக் கிடைத்த புள்ளியைப் பதிவேட்டில் ஏற்றுவது நியாயமில்லை.

## தட்டச்சில் வரும் விடை: தமிழுக்கே உரிய தொல்லை

கூகுள் ஃபார்ம்ஸ் என்ற இணையப் படிவத்தில் 2016இல் தேர்வுக்கான வசதி வந்தது. பலவுள் தெரிவு வினா, ஓரிரு சொல்லில் எழுதும் வினா இரண்டுக்கும் விடைக்குறிப்பு கொடுத்துவிட்டால் அதுவே மதிப்பெண் போடும். பத்தியாக எழுதும் விடைக்கு ஆசிரியர்தான் போட வேண்டும். கேள்விகளின் வரிசையையும் தெரிவுகளின் வரிசையையும் மாணவருக்கு மாணவர் கலைத்துப்போடலாம். எல்லாம் இலவசம்.

பலவுள் தெரிவில் தொல்லை இல்லை. 'ஒரு சொல்லில் எழுதுக' என்று கேட்டவுடன்தான் தமிழில் கதை மாறுகிறது. கணினி பொருளைப் பார்ப்பதில்லை, எழுத்துகளின் வரிசையைப் பார்க்கிறது. 'தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின்போது வெளியிடும் வாயு எது?' என்று கேட்டுப் பாருங்கள். வரக்கூடிய விடைகள்:

1. ஆக்சிஜன்
2. ஆக்ஸிஜன்
3. உயிர்வளி
4. பிராணவாயு
5. ஒட்சிசன் (இலங்கைப் பாடநூல் வழக்கு)
6. ஆக்சிஜன் வாயு
7. ஆக்ஸிஜென்

விடைக்குறிப்பில் முதல் சொல்லை மட்டும் கொடுத்திருந்தால் மற்ற ஆறு பேருக்கும் பூஜ்யம். ஃபார்ம்ஸில் ஒரே கேள்விக்குப் பல சரியான விடைகளைச் சேர்க்க முடியும், சேர்த்துவிடலாம். ஏழாவதை ஏற்பதா வேண்டாமா என்பது ஆசிரியர் எடுக்க வேண்டிய முடிவு: சோதிப்பது அறிவியலையா, எழுத்துப் பிழையையா? பேனாவில் திருத்தும்போது இந்த முடிவு தாளுக்குத் தாள் தன்னால் நடந்துவிடும். இங்கே தேர்வுக்கு முந்தைய நாளே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இதைவிட நுட்பமான தொல்லை கண்ணுக்கே தெரியாது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'க'வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாக வைப்பது ஒரு விதம். ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் இரண்டு குறிகளாக அடுத்தடுத்து வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். எந்த விசைப்பலகையில் அடித்தார் என்பதைப் பொறுத்து உள்ளே இருப்பது மாறும். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிட வேண்டும் என்று யூனிகோடு விதி இருக்கிறது. அதைச் செய்யாத மென்பொருளில் 'கொல்லிமலை'யும் 'கொல்லிமலை'யும் வேறு வேறு சொற்கள்! 'கோ', 'கௌ' ஆகியவற்றுக்கும் இதே கதை. ஔகாரத்தில் இன்னும் ஒரு படி மேலே: கொம்புக்காலுக்குப் பதில் 'ள' என்ற எழுத்தையே அடித்து 'கெளதமர்' என்று எழுதுகிறவர்கள் நம்மில் ஏராளம். அதை எந்த விதியும் 'கௌதமர்' ஆக்கித் தராது. 'ஸ்ரீ'யைச் சேமிக்கவும் இரண்டு வழிகள் உண்டு. சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளி தனி.

என்ன செய்யலாம்? தேர்வு முடிந்ததும் அந்தக் கேள்விக்கு வந்த எல்லா விடைகளையும் ஒரே பக்கத்தில் காட்டும் பகுதி ஃபார்ம்ஸில் உண்டு. தவறு என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் ஒரு பார்வை பார்த்தால், விடுபட்ட வடிவங்கள் பளிச்சென்று தெரியும். அவற்றுக்கு அங்கேயே மதிப்பெண் கொடுத்துவிடலாம். மாணவரிடம் மதிப்பெண் உடனே போகாமல், ஆசிரியர் பார்த்த பிறகே போகும்படி அமைப்பில் மாற்றிவைத்திருப்பது இதற்கு முக்கியம். இல்லாவிட்டால் சரியான விடை எழுதிய பிள்ளை 'தவறு' என்ற சிவப்பைப் பார்த்து முகம் வாடிய பிறகு நாம் திருத்திக்கொண்டிருப்போம்.

கணித ஆசிரியர்களுக்கு இந்தப் பிரச்சினை வேறு உருவில் வரும்: விடை 'அ(அ+1)' என்றும் இருக்கலாம், பெருக்கி விரித்தும் எழுதலாம். பாடமும் தேர்வும் நடத்த உதவும் மூடுல் என்ற இலவச மென்பொருளோடு சேரும் ஸ்டாக் என்ற வினாவகை, இரண்டும் சமமா என்பதை இயற்கணிதமாகவே சோதித்துப் பார்க்கும். ஒரே கணக்கை ஆளுக்கொரு எண்ணோடும் கொடுக்கும். அமைத்துக்கொள்ளப் பொறுமை வேண்டும், ஆனால் கல்லூரிக் கணிதத்துக்கு இதற்கு ஈடாக இலவசமாக வேறொன்றை நான் பார்த்ததில்லை.

## விடைக்குறிப்பே தவறினால்

இயந்திரத் திருத்தலில் தவறு நேர்ந்தால் ஒருவருக்கு நேராது, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நேரும். 2024 நீட் தேர்வு இதற்குப் பெரிய உதாரணம். இயற்பியல் பகுதியில் அணுக்களைப் பற்றிய இரண்டு கூற்றுகளைக் கொடுத்து எது சரி என்று கேட்டார்கள். என்சிஇஆர்டி பாடநூலின் பழைய பதிப்பை வைத்துப் பார்த்தால் ஒரு விடை, புதிய பதிப்பை வைத்துப் பார்த்தால் இன்னொரு விடை. தேசியத் தேர்வு முகமை இரண்டுக்குமே மதிப்பெண் கொடுத்தது. 720க்கு 720 எடுத்ததாக முதலில் அறிவிக்கப்பட்ட 67 பேரில் 44 பேர் இந்த ஒரு கேள்வியால் அந்த இடத்துக்கு வந்தவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் டெல்லி ஐஐடியிடம் கருத்துக் கேட்டது. நான்காவது தெரிவு மட்டுமே சரி என்று நிபுணர்கள் சொன்னார்கள். மற்ற தெரிவைக் குறித்திருந்தவர்கள் 4 மதிப்பெண்ணை இழந்ததோடு தவறான விடைக்கான 1 மதிப்பெண்ணையும் சேர்த்து 5 மதிப்பெண் இழந்தார்கள். அப்படி இழந்தவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். முழு மதிப்பெண் பட்டியல் 17 பேராகச் சுருங்கியது.

ஸ்கேனரில் பழுதில்லை, மென்பொருளிலும் பழுதில்லை. கேள்வி எழுதியபோது 'எந்தப் பதிப்பு?' என்று கேட்கப்படாமல் போன ஒற்றைக் கேள்விதான் இத்தனைக்கும் காரணம்.

## கேள்வியைத் திருத்துவது

வகுப்பறை அளவில் இதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. கணினித் தேர்வுகளின் உண்மையான லாபம் இங்கே என்று நான் நினைக்கிறேன். பலர் இதைத் தொடுவதே இல்லை. ஒவ்வொரு மாணவரும் ஒவ்வொரு கேள்விக்கும் என்ன விடை சொன்னார் என்ற அட்டவணை பெரும்பாலான செயலிகளிலிருந்து எக்செல் கோப்பாகக் கிடைக்கும். அதை வைத்து:

1. மொத்த மதிப்பெண் வரிசையில் மாணவர்களை அடுக்குங்கள்.
2. மேலே இருந்து 27 சதவீதம், கீழே இருந்து 27 சதவீதம் பிரித்தெடுங்கள். 44 பேர் வகுப்பில் 12 பேரும் 12 பேரும்.
3. ஒரு கேள்விக்கு இரு குழுவிலும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள்.
4. மேல் குழு எண்ணிலிருந்து கீழ்க் குழு எண்ணைக் கழித்து 12ஆல் வகுங்கள். இதற்குப் பாகுபடுத்தும் திறன் என்று பெயர். 0.3க்கு மேல் வந்தால் நல்ல கேள்வி என்பது வழக்கமான அளவுகோல்.

ஒரு கற்பனை வகுப்பில் போட்டுப் பார்ப்போம். கேள்வி: 0.5, 0.45, 0.405, 0.0509 ஆகியவற்றில் பெரிய எண் எது? மேல் குழுவில் 11 பேர் சரி, கீழ்க் குழுவில் 3 பேர் சரி. வித்தியாசம் 8, வகுத்தால் 0.67. அருமையான கேள்வி. இனி கீழ்க் குழுவில் தவறிய 9 பேர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். 7 பேர் 0.0509. அவர்கள் குருட்டாம்போக்கில் குறிக்கவில்லை. புள்ளியை மறந்துவிட்டு 509, 405, 45, 5 என்று முழு எண்ணாகப் படித்திருக்கிறார்கள். நீளமான எண்ணே பெரியது என்று நம்புகிறார்கள். நாளை காலை இந்த ஏழு பேரை மட்டும் கூப்பிட்டு, 0.5ஐ 0.5000 என்று எழுதிக் காட்டினால் போதும். மதிப்பெண் பட்டியல் இவர்கள் 'பலவீனமானவர்கள்' என்று மட்டுமே சொல்லியிருக்கும். தவறான விடைகளின் பட்டியலோ எதில் பலவீனம் என்று சொல்கிறது. ஆனால் இது கிடைக்க, 0.0509 என்ற தவறான தெரிவை வேண்டுமென்றே அங்கே வைத்திருக்க வேண்டும். 'மேற்கண்ட எதுவுமில்லை' என்று இடத்தை நிரப்பியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

இன்னொரு கேள்வி: மேல் குழுவில் 4 பேர் சரி, கீழ்க் குழுவில் 7 பேர் சரி. விடை மைனஸ் 0.25. நன்றாகப் படிக்கிறவர்கள் தவறுகிறார்கள், படிக்காதவர்கள் சரியாகச் சொல்கிறார்கள் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விடைக்குறிப்பை. அதில் தவறில்லை என்றால் கேள்வியின் வாக்கியத்தை. 40 பேர் வகுப்பில் இந்த எண்கள் சற்று ஆடும் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கேள்வியை மறுபடி படிக்க வேண்டும் என்று விரலால் சுட்டிக்காட்டும், அவ்வளவுதான்.

## நெடுவினாவும் கட்டுரையும்

இங்கே படித்தறிதலும் மதிப்பிடுதலும் மனிதர் கையிலேயே இருக்கின்றன. அந்த மனிதர்கள் எவ்வளவு வேறுபடுவார்கள் என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம். ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1913இல் ஒரே ஒரு வடிவியல் விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். குறைந்தபட்சம் 30க்கும் கீழே, அதிகபட்சம் 90ஐத் தாண்டி. கணிதத்திலேயே இந்த லட்சணம்.

இதைக் குறைக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

1. படிநிலை விடைக்குறிப்பு. 5 மதிப்பெண் வினா என்றால் படத்துக்கு 1, பாகம் குறித்ததற்கு 1, விதிக்கு 1, விளக்கத்துக்கு 2 என்று முன்கூட்டியே பிரித்துவைப்பது. ஒப்படைப்புகளை வாங்கித் திருப்பித் தர உதவும் கூகுள் கிளாஸ்ரூமில் இதை ஒரு கட்டமாகப் போட்டுவைத்தால் ஒவ்வொரு தாளுக்கும் கட்டத்தைத் தொட்டாலே மதிப்பெண் கூடிவிடும்.

2. தாள் தாளாகத் திருத்தாமல் கேள்வி கேள்வியாகத் திருத்துவது. 40 பேரின் 31ஆம் கேள்வியை முடித்துவிட்டு 32க்குப் போவது. முதல் பக்கத்து அழகான கையெழுத்தின் மயக்கம் கடைசிப் பக்கம் வரை தொடராது, விடைக்குறிப்பும் மனதில் சூடாக இருக்கும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2018இல் டர்னிட்டின் நிறுவனத்தால் வாங்கப்பட்ட கிரேட்ஸ்கோப் இந்த ஒரே யோசனையைச் சுற்றிக் கட்டப்பட்டதுதான்: தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றினால் ஒரே கேள்வியின் விடைகளை வரிசையாகக் காட்டும். பாதியில் 'இந்தப் பிழைக்கு ஒன்று குறைத்தது அதிகம், அரை போதும்' என்று விதியை மாற்றினால் ஏற்கெனவே திருத்திய தாள்களிலும் தானாக மாறிவிடும். சந்தா கட்ட முடியாதவர்கள் தாள்களை மேசையில் பரப்பிவைத்து இதையே கையால் செய்யலாம், பலன் பெரும்பகுதி அதே.

3. ஒப்பீட்டு மதிப்பீடு. கட்டுரைக்கு 10க்கு எத்தனை என்று சொல்வது கடினம். இரண்டு கட்டுரைகளை அக்கம்பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்வது எளிது. மனித மனத்தின் இந்தச் சுபாவத்தை வைத்து தர்ஸ்டன் என்ற உளவியலாளர் 1927இல் ஒரு கணித விதி எழுதினார். இன்று இங்கிலாந்துப் பள்ளிகளில் 'நோ மோர் மார்க்கிங்' என்ற தளம் இதைச் செய்கிறது: பல ஆசிரியர்கள், ஒவ்வொருவர் திரையிலும் இரண்டிரண்டு கட்டுரைகளாக, எது மேல் என்ற ஒரே சொடுக்கு. அந்தச் சொடுக்குகளிலிருந்து முழுத் தரவரிசை கணக்காகி வரும். நம்பகமான முறைதான். ஆனால் நான்காவது வேலைக்கு உதவாது. ஏன் கீழே போனாய் என்று அது சொல்வதில்லை.

பெரிய அளவில் தாள்களை ஸ்கேன் செய்து திரையில் திருத்தும்போது இன்னொரு பாடம் கிடைக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகம் 2017 கோடைத் தேர்வுகளுக்கு ஒரேயடியாக இந்த முறைக்கு மாறியது. 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்கள். ஸ்கேன் தாமதம், பயிற்சி இல்லாத ஆசிரியர்கள், கலந்துபோன தாள்கள், காணாமல்போன தாள்கள். ஜூலை 31க்குள் முடிவுகள் வர வேண்டும் என்று ஆளுநர் கெடு வைத்தார். அது தவறியது. முடிவுகள் செப்டம்பர் வரை இழுத்தன. மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் கையில் மதிப்பெண் பட்டியல் இல்லாமல் நின்றார்கள். அக்டோபரில் துணைவேந்தர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதே முறையை ஒரு துறையில் ஒரு பருவத்துக்கு மட்டும் வைத்துப் பார்த்திருந்தால் இதில் முக்கால்வாசி முன்பே தெரிந்திருக்கும்.

## செயற்கை நுண்ணறிவு எதுவரை?

கட்டுரையைக் கணினி திருத்தும் ஆசை புதிதில்லை. முன்னாள் பள்ளி ஆசிரியரான எல்லிஸ் பேஜ் 1966லேயே அதற்கான திட்டத்தை முன்வைத்தார். அவருடைய நிரல் கட்டுரையின் நீளம், சொற்களின் சராசரி நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போன்றவற்றை எண்ணி மதிப்பெண் சொன்னது. கருத்து எதுவும் அதற்குத் தெரியாது. பின்னால் வந்த தானியங்கித் திருத்திகளைச் சோதிக்க அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், 2014இல் மாணவர்களோடு சேர்ந்து ஒரு நிரல் எழுதினார். ஓரிரு சொல்லைக் கொடுத்தால் அர்த்தமே இல்லாத, ஆனால் ஆடம்பரமான ஆங்கிலத்தில் கட்டுரை உற்பத்தி செய்யும். திருத்திகள் அதற்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தன.

சாட்ஜிபிடி போன்ற இன்றைய பெருமொழி மாதிரிகள் அவ்வளவு எளிதாக ஏமாறுவதில்லை. ஆனாலும் விடைத்தாளை அவற்றிடம் கொடுப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. ஒரே விடையை இரண்டு தடவை கொடுத்தால் இரண்டு மதிப்பெண் வரலாம். நீளமாக எழுதியதன் மேல் அவற்றுக்கு ஒரு சாய்வு உண்டு. தமிழ்க் கையெழுத்தைப் படிப்பதில் இன்னும் தடுமாற்றம். மோசமானது என்னவென்றால், படிக்க முடியாத இடத்தை 'படிக்க முடியவில்லை' என்று சொல்லாமல் தானாக ஊகித்து நிரப்பிவிடுகின்றன. பிள்ளை எழுதாத சரியான விடைக்கு மதிப்பெண் விழும். கோப்பாக வரும் ஒப்படைப்பில், 'இதற்கு முழு மதிப்பெண் கொடு' என்று வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் மறைத்து எழுதவும் முடியும். கற்பனை என்று நினைக்க வேண்டாம். மதிப்பாய்வாளரின் செயற்கை நுண்ணறிவை ஏமாற்ற இப்படி வரிகளை ஒளித்துவைத்த 17 ஆய்வுத்தாள்களை 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் வெளிக்கொண்டுவந்தது. எழுதியவர்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்.

கேள்வி தயாரிப்பதற்கு இவை நல்ல உதவி. பத்து மாதிரிக் கேள்விகள், நம்பும்படியான தவறான தெரிவுகள், ஒரே கணக்குக்கு வெவ்வேறு எண்கள் எல்லாம் நிமிடத்தில் வந்துவிடும். கலைச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூலில் 'வேகம்', 'திசைவேகம்', 'முடுக்கம்' என்று இருப்பவை இலங்கைப் பாடநூலில் முறையே 'கதி', 'வேகம்', 'ஆர்முடுகல்'. அதாவது யாழ்ப்பாணத்து மாணவருக்கு 'வேகம்' என்பது திசையும் சேர்ந்த கணியம், மதுரை மாணவருக்குத் திசை இல்லாதது. இரண்டு நாட்டு நூல்களையும் கலந்து படித்திருக்கும் மொழி மாதிரி ஒரே வினாத்தாளில் இரண்டையும் கலந்து தரும். விடைக்குறிப்பும் கூடவே தவறிவிடும்.

மாணவர் சாட்ஜிபிடியில் எழுதிக்கொண்டு வந்தாரா என்று கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி யாரையும் தண்டிக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபெல் (ஆங்கிலத் திறன் தேர்வு) கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏழு கருவிகள் சராசரியாக இயந்திரம் எழுதியது என்று முத்திரை குத்தின. எளிய சொற்களில் அடக்கமாக எழுதியதே அவர்கள் செய்த குற்றம். நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலமும் அந்த வகைதான்.

சட்டமும் குறுக்கே வருகிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைக் குழந்தைகள் என்று வரையறுத்து, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம், கற்றல் விளைவை மதிப்பிடும் செயற்கை நுண்ணறிவை அதிக ஆபத்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. நடைமுறையில் ஆசிரியர் செய்யக்கூடியது: பெயர், எமிஸ் எண் (மாணவரின் அரசு அடையாள எண்), பள்ளி முத்திரை இருக்கும் பக்கத்தை ஏற்றாமல், தானே போட்ட வரிசை எண்ணை மட்டும் பயன்படுத்துவது.

## எந்த வகுப்புக்கு எது?

1. மாணவரிடம் கருவி இல்லை, பாடம் புரிந்ததா என்று இப்போதே தெரிய வேண்டும்: பிளிக்கர்ஸ்.
2. தாளில் 20, 30 ஒரு மதிப்பெண் வினாக்கள்: செல்போன் ஓஎம்ஆர்.
3. ஹைடெக் லேப் (பள்ளிக் கணினி ஆய்வகம்), இணையம் உண்டு: கூகுள் ஃபார்ம்ஸ். இணையம் அடிக்கடி போகும் என்றால், லேபுக்குள்ளேயே ஒரு கணினியில் மூடுலை நிறுவி அந்த வலைப்பின்னலுக்குள் நடத்தலாம்.
4. குறுவினா, நெடுவினா: படிநிலை விடைக்குறிப்போடு கேள்வி கேள்வியாகப் பேனாவால். மதிப்பெண் பதிவு மட்டும் எக்செல்.
5. செயற்கை நுண்ணறிவை முயன்றுதான் பார்ப்பது என்றால்: ஏற்கெனவே கையால் திருத்திய 20 தாள்களை அதனிடம் கொடுத்து, எத்தனை தாளில் ஒன்றுக்கு மேல் மதிப்பெண் விலகுகிறது என்று எண்ணிய பிறகு.

நான்காவது வேலையான திருப்பிச் சொல்லுதல் மிச்சமிருக்கிறது. அதற்குப் பயன்படும் சிறிய வசதி ஒன்று ஃபார்ம்ஸிலும் கிளாஸ்ரூமிலும் ஏற்கெனவே இருக்கிறது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இஸ்ரேல் பள்ளி மாணவர்களை மூன்றாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு எழுதிய குறிப்பு மட்டும், ஒரு குழுவுக்கு இரண்டும். அடுத்த வேலையில் முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்ற குழு. இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பலன் இல்லை. மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்புக்குப் போவதில்லை. கிளாஸ்ரூமில் மதிப்பெண் கட்டத்தைக் காலியாக விட்டுக் குறிப்பை மட்டும் எழுதித் தாளைத் திருப்பி அனுப்பலாம். மாணவர் திருத்தி மறுபடி ஒப்படைத்த பிறகு எண்ணை நிரப்பலாம். ஃபார்ம்ஸில் தவறான விடை தந்தவர்களுக்குக் காட்ட வேண்டிய விளக்கத்தைக் கேள்வியோடு சேர்த்து எழுதிவைக்க இடம் உண்டு. அந்தத் தசமக் கேள்வியில் தவறியவருக்கு அங்கே '0.5ஐ 0.5000 என்று எழுதிப் பார்' என்ற ஒரு வரி போதும்.